எங்கள் கடைத் தாலி

காப்பி ஆறுகிறது, முதலில் குடியுங்கள். ஆண்டுவிழா மலருக்காகக் கடையின் வரலாறு எழுத வந்தவர் வைரத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். தாலியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தொன்றில் சிவனணைந்தபெருமாளாகிய நானும் என் தம்பி செல்லப்பாவும் தென்காசியில் இந்த நகைக்கடையை வைத்தோம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வரும் ஜமீன் வீட்டுப் பெண்கள் எங்களிடம் வைரத் தோடு எடுத்தார்கள். ஆனாலும் பெயர் கிடைத்தது தாலியால்தான். ஒவ்வொன்றையும் தம்பியே செய்து, உலகம்மன் பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் கொடுப்பான். எங்கள் கடைத் தாலி நிலைக்கும் என்று கடையம், புளியங்குடி வரை பேச்சு.

அவன் போட்ட விதி ஒன்று உண்டு. விதவைகள் அறுத்த தாலியை நாங்கள் வாங்குவதில்லை. அந்தப் பொன் மணப்பெண் கழுத்துக்குப் போய்விடக் கூடாது. நான் பின்வாசல் வழியாக வாங்கினேன். அதை விற்க வருகிற பெண்கள் பேரம் பேச மாட்டார்கள், தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பொன் அரிதான பிறகு, புதுத் தாலிகளுக்கு அதைத்தான் உருக்கித் தம்பியிடம் கொடுத்தேன். நெருப்பில் இறங்கிவிட்டால் எல்லாம் பொன்தானே.

அறுபத்துநாலு ஆனியில், எப்போதோ தான் செய்து கொடுத்த தாலி ஒன்று, பொன் உருக்கும் மூசைக்குப் பக்கத்தில் கிடப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"எத்தன பிள்ளைய கழுத்துல என்னத்தக் கட்ட விட்டிருக்கோம்ணே? நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு. தாலி வாங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் போயி நானே சொல்லப் போறேன்" என்றான்.

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் அழுதான். குளித்துவிட்டுப் பேசுவோம் என்று குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். நம்புங்கள், குளிக்கத்தான்.

பேரருவியில் அன்று கூட்டமில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பி நின்றான், கையை நீட்டினால் தோள் எட்டும் தூரத்தில். தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி, இலையும் சுள்ளியும் விழ ஆரம்பித்தன. மேலே வெள்ளம் என்றால் அப்படித்தான் வரும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வெளியே வந்துவிட்டேன். அவன் தோளைத் தொடவில்லை. வேட்டியைப் பிழிந்துவிட்டுத் திரும்பியபோது அருவி மட்டும் இருந்தது. அந்த இரைச்சலில் கூப்பிட்டது கேட்கவில்லை என்று போலீஸிடம் சொன்னேன். நான் கூப்பிடவே இல்லை. அவர்கள் பாவப்பட்டு எனக்குத் துண்டு கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தம்பி மனைவி ஆவுடையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"நம்ம கடையில இத வாங்க மாட்டோம்னு அவிய சொல்லுவாவ அத்தான். நான் வேற எங்கன கொண்டு போவேன்?"

வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் அவள் மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம். நானே முன்நின்று நடத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் தாலியை எங்கள் கடையிலேயே செய்யச் சொன்னார்கள். பெட்டியில் வேறு பொன் இருந்தது. ஆனால் அங்கே என் கை தயங்கினால் தம்பி சொன்னது சரி என்றாகிவிடும். அப்புறம் அவன் எதற்காகச் செத்தான்? ஆவுடையம்மாள் கொடுத்ததையே உருக்கினேன்.

பந்தியிலும் மேளத்திலும் ஒரு குறை வைக்கவில்லை. அப்பா இல்லாததே தெரியவில்லை என்று ஊரே சொன்னது. அட்சதை போடும்போது மட்டும் அந்தப் பிள்ளையின் கழுத்தை நான் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு வெட்கம் எனக்கு உண்டு.