காது நுனி வெட்டிய செவலைப் பூனை

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றும் இந்த மாதம் 9ஆம் தேதி இதே நிலையத்தில் நான் கொடுத்த புகாரில் உள்ளபடியே ஆகும். அந்தப் புகாரில் திருத்தம் வேண்டாதவை அவை மட்டும்தான். வயது 46. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்து வருகிறேன். மனைவி தபால் அலுவலகக் கவுன்டரில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இல்லை. இன்று 27ஆம் தேதி காலை ஏழே முக்கால் மணிக்கு யாரும் அழைக்காமல் நானாக வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். பத்து மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காரணத்தை அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் துரை என்ற ஆண் பூனையை நான்கு வருடமாக வளர்த்து வந்தோம். செவலை நிறம், வால் வரைக்கும் வரி. குட்டியாக இருந்தபோது இலவச முகாமில் கருத்தடை செய்தோம். அங்கே அறுவை முடிந்த பூனைக்கு அடையாளமாக இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள், துரைக்கும் வெட்டினார்கள். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னேன். துரை வீட்டில் தங்குகிற ரகம் இல்லை. காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதில், மாடி, அடுத்த தெரு என்று சுற்றிவிட்டு அவனுக்குத் தோன்றும்போதுதான் வருவான். அவனுக்காகப் பின்கதவின் அடியில் நானே ரம்பத்தால் ஒரு சதுரம் அறுத்து, பழைய ரெக்சின் துண்டைத் திரையாக அடித்து வைத்தேன். நல்ல கதவில் ஓட்டை போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று என் மனைவி சொல்வார். பூனையைப் பூட்டி வைப்பது பாவம், சுற்றுவது அதன் சுபாவம் என்று நான் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மாடியில் புறா வளர்ப்பதால் தெருவில் புறாக்காரர் என்றால்தான் தெரியும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். இரண்டு மாதம் முன்பு அவர் ஒரு சிவப்புப் பட்டையில் கோத்த சின்ன மணியைத் தானே வாங்கிவந்து சுவர் மேல் வைத்து, குஞ்சு பொரித்திருக்கிறது, சாயங்காலம் மட்டுமாவது பூனையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இதைக் கட்டிவிடுங்கள் என்று கேட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் முடித்துவிட்டீர்கள் அண்ணே என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். மணியை ஒரு நாள் கட்டினேன். துரை பின்காலால் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்ததாலும் அந்தச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்ததாலும் மறுநாள் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். அவர் கேட்டதற்கு அறுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று சொன்னேன்.

அதன்பிறகு சென்ற மாதம் 28ஆம் தேதி காலை நான் பல் துலக்கிக்கொண்டே வந்தபோது சமையலறை மிதியடியில் சாம்பல் நிற இறகுகளும் ஒரு புறாக்காலும் கிடந்தன. துரை பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். காலில் அலுமினிய வளையம் இருந்தது, அதில் 17 என்று பொறித்திருந்தது. அண்ணன் தன் புறாக்கள் எல்லாவற்றுக்கும் இப்படி எண் போட்ட வளையம் மாட்டுவார். பதினேழு என்பது எவ்வளவு தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பெட்டை, அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இறகுகளை மனைவி எழுவதற்குள் பெருக்கிக் குப்பையில் போட்டேன். வளையத்தைக் கழற்றி மணியோடு இழுப்பறையில் வைத்தேன். அதை ஏன் தூக்கி எறியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் சுவர்ப் பக்கம் வந்து பதினேழைப் பார்த்தீர்களா தம்பி என்று கேட்டார். பருந்து அடித்திருக்கும் என்றேன். சொன்னதோடு விடாமல் அண்ணாந்து வானத்தையும் பார்த்தேன். அடுத்த இரண்டு நாளும் அவர் தானிய டப்பாவைக் குலுக்கி மாடியில் விசில் அடித்துக்கொண்டிருந்தார். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

அதன்பிறகு இந்த மாதம் 5ஆம் தேதி துரை அவர் கூண்டில் புகுந்து இரண்டு குஞ்சுகளைக் கடித்தான். ஒன்றை வாயில் கவ்வியபடி சுவர் தாண்டியதை அவரே பார்த்துவிட்டு, தெருவுக்கு இறங்கி வந்து, இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தால் மருந்து வைத்துவிடுவேன் என்று நாலு பேர் கேட்கக் கத்தினார். இதை என் புகாரில் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனதைப் புகாரில் சொல்லவில்லை.

7ஆம் தேதி காலை வெளியே போன துரை அன்றும் மறுநாளும் வரவில்லை. 9ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அண்ணன் வீட்டுப் பக்கச் சுவரோரம் செவலை வரிப் பூனை ஒன்று வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் குனிந்துகூடப் பார்க்காமல், போட்டிருந்த செருப்போடு நேராக இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். மிரட்டினார் என்று மட்டும் எழுதினால் எடுபடாது என்று தோன்றியதால், முந்தின நாள் மாலை ஆறரை மணிக்கு மாடியிலிருந்து பார்த்தேன், அவர் சுவர் மேல் மீன்துண்டு வைத்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று சேர்த்துச் சொன்னேன். அது பொய். ஆறரை மணிக்கு நான் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடையின் டெலிவரி நோட்டில் ஆறு நாற்பதுக்கு என் கையெழுத்து இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் கண்ணால் பார்த்தேன் என்றால் நம்பிவிடுகிறார்கள்.

கான்ஸ்டபிள் வந்து செத்த பூனையைக் கிடந்தபடியே போனில் படம் எடுத்துக்கொண்டு புதைத்துவிடச் சொன்னார். அண்ணனை வேன் சாவியோடு அழைத்து வந்து காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை இந்த அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அன்று அவர் மனைவிக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை. தீனி வைக்க ஆளில்லாமல் புறாக்கள் கத்தியது எங்கள் படுக்கையறை வரை கேட்டது. மாலையில் எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினார்கள். மறுநாளே பள்ளிக்குச் செய்தி போய்விட்டது. பூனைக்கு வைக்கிறவன் பிள்ளைக்கு வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பெற்றோரில் ஒருவர் கேட்டாராம். பதினோரு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவரை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவரை ஒரேயடியாக நீக்குவதா என்று முடிவு செய்ய இன்று காலை பத்து மணிக்குப் பள்ளியில் கூட்டம். நான் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

11ஆம் தேதி மாலை நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தம்பி, நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. நான் வெச்சத நெஜமாவே பார்த்தீங்களா? பார்த்தேன்னு என் மூஞ்சிய பார்த்துச் சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்."

"பார்த்தேண்ணே," என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டுக் கூண்டைக் கழுவப் போனார். அன்றிலிருந்து என் மனைவியும் அவர் மனைவியும் பேசுவதில்லை. அவர்கள் வீட்டுக் குப்பைக் கூடை எங்கள் வாசல் பக்கம் நகர்ந்திருந்ததற்குக்கூட என் மனைவி சண்டைக்குப் போனார். நான் தடுக்கவில்லை.

அதன்பிறகு 22ஆம் தேதி, பின் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுக்குப் புதுக் கண்ணாடி கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின் மேல் துரை படுத்திருந்தான். இடது காது நுனி வெட்டியிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், நான் ஏதோ கேஸ் சிலிண்டர் போட வந்தவன் என்பது போல மறுபடியும் மூடிக்கொண்டான். கேட்டதற்கு டீச்சரம்மா அவன் பெயர் தங்கம் என்றும், 7ஆம் தேதி தானாக வந்து சேர்ந்தான் என்றும், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டதால் வெளியே போகவே கேட்பதில்லை என்றும் சொன்னார். "முன்னாடி எங்கயோ நாதியில்லாம திரிஞ்சிருக்கான், பாவம்," என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியை அவர் காதில் மாட்டி, மூக்குத்தாங்கியைச் சரி செய்து, செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். நன்றாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார். பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று நான் தெரு முழுக்கச் சொல்லித்திரிந்த பூனை நாலு சுவருக்குள் கொழுத்துப் போய் உட்கார்ந்திருந்தது. அது என் பூனை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் 9ஆம் தேதி செத்தது எது என்று கேட்பார்கள்.

அப்படியானால் செத்தது உங்கள் பூனை இல்லை என்று 22ஆம் தேதிதான் தெரியவந்ததா என்று அதிகாரி இப்போது கேட்டார். இல்லை. 9ஆம் தேதியே தெரியும். இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், இதைச் சொல்லாவிட்டால் நான் வந்ததே வீண். நிலையத்திலிருந்து திரும்பியபின் பூனையைக் கோணிப்பையில் போடத் தூக்கினேன். போனில் எடுத்த படத்தில் அதன் வலது பக்கம்தான் மேலே தெரியும். மண்ணில் பதிந்திருந்த இடது காது தூக்கும்போது வெளியே வந்தது. விரலால் மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். நுனி முழுசாக இருந்தது. அப்போது என் மனைவி பின்னால் அழுதுகொண்டிருந்தார், தெருவில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள், அண்ணனை அழைத்துப்போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் பையின் வாயைக் கட்டி, முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். ஆகவே 11ஆம் தேதி அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் தெரிந்தே சொன்னதுதான். செத்தது யாருடைய பூனை என்று எனக்குத் தெரியாது. எந்த வீட்டிலாவது அதற்கு இன்னும் பால் ஊற்றி வைத்துக்கொண்டிருக்கலாம்.

நேற்று 26ஆம் தேதி மாலை என் மனைவி ஊசி தேடி இழுப்பறையைத் திறந்து மணியையும் வளையத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குப்பைக் கூடைக்காக அந்த அம்மாவைப் பேசிய பேச்சை நினைத்து, ஐயோ என்னையும் பேச வைத்துவிட்டீர்களே என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இங்கே வரும் துணிச்சல் தானாக வந்ததாக யாரும் எழுத வேண்டாம். வெட்கமாக இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று அதிகாரி எச்சரித்தார், தெரிந்தே சொல்கிறேன்.

17 என்று பொறித்த வளையம் ஒன்றும், சிவப்புப் பட்டையுடன் கூடிய மணி ஒன்றும் இத்துடன் ஒப்படைக்கிறேன். வளையத்தை வழக்கு வேலை முடிந்தபின் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றைப் பத்து மணிக்குள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். துரை டீச்சரம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டி, சேர்க்க வேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு. இன்று காலை நான் வீட்டைவிட்டு இறங்கும்போது அண்ணன் மாடியில் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பதினாறு நாள் கழித்து முதல் தடவையாக அவராகவே குரல் கொடுத்து, "எங்க தம்பி காலங்காத்தால?" என்று கேட்டார். கடைக்கு என்றேன். அதுவும் பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் கண்டவை அனைத்தும் நான் சொன்னவை, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னவை அல்ல. நானே கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தும் பார்த்தேன், எல்லாம் உண்மை. முந்தைய புகாரின் கீழேயும் எல்லாம் உண்மை என்றுதான் எழுதி, இதே கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)