கொட்டகைக் கதவின் கீறல்கள்

பெயர் நவ்ரூஸ்ஷோ, த/பெ கொர்கோன், வயது 58, குந்த் ஆற்றங்கரை திஷோர் கிராமம், தொழில் ஆற்று நீர்மட்டக் காவலர்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன், எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். முப்பத்தொரு வருடமாக ஆற்றின் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதி அனுப்புகிறேன். பாறை உருளும் சத்தத்தை வைத்தே விரற்கடை பிசகாமல் மட்டம் சொல்வேன். அப்படி ஓர் ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

கடந்த மே மாதம் கணக்கு நிபுணர் பரிசோத் என்ற பெண் வந்து, "மாமா, பெரிய வெள்ளம் தனித்தனியா வருதா, அடுத்தடுத்த நாள்ல கூட்டமா வருதா? அது தெரிஞ்சாத்தான் ஆளுங்க இறங்காம கரையை எத்தனை நாள் மூடணும்னு சொல்ல முடியும்" என்று என் நோட்டுகளை வாங்கிப் போனாள். அதன் பிறகு, வெள்ளம் தனியாகவே வருகிறது, மறுநாள் கரையைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது.

ஜூலை 9ஆம் தேதி மாலை மட்டம் நான்கு மீட்டரைத் தாண்டியது. மறுநாள் வடிந்ததும் வழக்கம்போல் ஊரார் மிதந்து வந்த விறகு பொறுக்க இறங்கினார்கள். என் தங்கை கணவர் மம்மதாலி கொக்கியோடு நின்று, "மச்சான், உன் ஆறு மறுபடி சீறுமா?" என்று கேட்டார்.

"போங்க மாப்பிள்ளை, நான் எழுதாத வெள்ளம் இங்க வந்ததே இல்ல. பயமா இருந்தா என் தங்கச்சிய அனுப்புங்க, அவ அள்ளிட்டு வருவா" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

மாலை நான்கு மணிக்கு ஆறு சுவர் மாதிரி வந்தது. அவருடைய ஒற்றை ரப்பர் காலணி கரையில் கிடந்தது. அதன் பிறகு நான் அளவுகோலைப் பார்த்து 4 மீட்டர் 40 என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

நோட்டில் இருப்பது உண்மையல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அலுவலகத்தில், "மூணு நாளும் இவ்வளவு பெரிய எண்ணா? காப்பியடிக்கிறியா?" என்று திட்டினார்கள். அதன் பிறகு வெள்ளத்துக்கு ஒரு பெரிய எண் மட்டும் எழுதி, மற்ற நாட்களுக்குச் சாதுவான எண்களை நானே போட்டேன். அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை.

ஆனால் பெருமைக்காக, வந்த ஒவ்வொரு உச்சத்தையும் அளவுக் கொட்டகைக் கதவின் உட்புறம் தேதியோடு கத்தியால் கீறி வைத்தேன். ஏழு வெள்ளம். அவற்றில் ஆறு வெள்ளங்களுக்கு அடுத்தடுத்த மூன்று நாட்களின் தேதியில் மும்மூன்று கீறல்கள்.

இன்று மூன்றாம் நாள். இப்போது மணி மூன்று இருபது. என் தங்கையும் பன்னிரண்டு பேரும் உடலைத் தேடிக் கரையில் நிற்கிறார்கள். கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் அவர்களை மேலே ஏற்றுங்கள்.

இதில் நான் கூட்டிச் சொன்னது வாத்தியார் விஷயம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே.

(வாக்குமூலம் 3.21க்கு நிறுத்தப்பட்டது. கையொப்பம் 5.10க்குப் பெறப்பட்டது. பதின்மூன்று பேரும் மேட்டில் இருக்கிறார்கள். நீர்மட்டம் 4 மீட்டர் 55.)

ஒப்பம்: நவ்ரூஸ்ஷோ