கராஜில் நின்ற இரும்பு ஆட்கள்

பார்க்டேல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தி, “பொலிசுக்குப் போன் அடிச்சது நான்தான்,” என்றார்.

“ஆரைப் பற்றி, அண்ணை?”

“எங்கட வீட்டுக்குப் பின் கராஜில வெல்டிங் செய்யிற கானா நாட்டுக்காரன். பழைய கார் சைலன்சர், சைக்கிள் செயின் எல்லாம் பொறுக்கிக்கொண்டு வாறவன். ஆக்களைச் சுடுற துவக்குச் செய்யிறானோ எண்டு நினைச்சன்.”

“பொலிஸ் வந்ததோ?”

“வந்து கதவைத் திறக்க நானும் எட்டிப் பார்த்தன். உள்ளுக்கு முழுக்க இரும்பில செய்த ஆக்கள். ஒரு பொம்பிளை பிள்ளையை முதுகில கட்டிக்கொண்டு நிக்கிறா. ஆரிட்ட இந்த வேலை பழகினனீ எண்டு பொலிஸ் கேட்டது. ஒருத்தரிட்டையும் இல்லை, ஊரில லொறி திருத்தினனான் எண்டான்.”

“பிறகென்ன யோசனை?”

“நேற்று என்ர கதவைத் தட்டி ஒரு இரும்புக் குருவி தந்தான். ‘பொலிசைக் கண்டு பயந்திருப்பாய், குறை நினைக்காதை’ எண்டான். தெரிஞ்சுதான் தந்தவனோ?”

இளையவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம், நல்லாப் பயந்திட்டன் எண்டன்.”