எஞ்சினுக்குள் நாடாப்புழு

தலைமன்னார் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், மடியில் வெற்றிக்கிண்ணத்துடன் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னாள்: “மச்சான், உன்ர காருக்கு வயித்தில நாடாப்புழு.”

“அது எஞ்சினுக்குக் காத்து அடிக்கிற சுப்பர்சார்ஜர், மச்சாள்.”

“ஓம், பெல்ற் போட்டு எஞ்சின்ர பலத்தையே தின்னுது. என்ர டேர்போவும் காத்துத்தான் அடிக்குது, ஆனா வெளியால போற புகையிலயே சுத்தும். அந்தக் காத்தாடியள் மாதிரி.”

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுழன்றன.

“ஆனா உங்கட டேர்போ எழும்ப நேரமெடுக்கும். நான் மிதிச்ச உடன பாய்வன்.”

“பாய்ஞ்சனிதான். நேற்றைய ரேஸில வெளிக்கிடேக்க நீதான் முன்னுக்கு. முடியேக்க எங்க நிண்டனி?”

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

“சத்தமாச் சொல்லு, பஸ்ஸுக்கே கேக்கட்டும்.”

“உங்கட சைட் கண்ணாடிக்குள்ள, மச்சாள்!”