பெரிலியம் எட்டும் மாலைச் சாப்பாடும்

1966 தை மாதம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. செஞ்சியில் திண்டிவனம் பேருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மேல்சித்தாமூர்ச் சமணர் ஒருவரும், பம்பாயில் அணு ஆராய்ச்சி செய்யும் அவர் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம்.

“பெரிலியம் எட்டுன்னு பேரு, நைனா. புரோட்டான் நாலு, நியூட்ரான் நாலு. எட்டும் ஒண்ணா நிக்காது. உடனே நாலு நாலா பிரிஞ்சி ரெண்டு ஹீலியம் ஆயிடும்.”

இதைப் பின்னர் ஒரு பாடநூலில் சரிபார்த்தேன்.

“நம்ம பங்காளிங்க மாதிரின்னு சொல்லு. அத்தப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?”

மகன் சிரித்தான்.

“சரி, அங்க வெளிச்சத்துல சாப்டறியா?”

“சாப்டறேன். அஞ்சு மணிக்கு நான் மட்டும். மத்தவங்க எட்டு மணிக்கு ஒண்ணா உக்காந்து சாப்டுவாங்க.”

“அதுக்கு இன்னா?”

“போனதுலேந்து யார்கூடவும் உக்காந்து சாப்டதில்ல, நைனா. நானும் எட்டு மணிக்கே சாப்டட்டுமா?”

பேருந்து வந்தது. மகன் ஏறி உட்கார்ந்தான். வண்டி உறுமிக் கிளம்பும்போதுதான் பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“சாப்டாத. ஆனா போய் அவங்களோட உக்காரு. பேசிக்கினு இரு.”

அது மகன் காதில் விழுந்ததா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.