சார்ஜில் போட்ட கார்

எனக்குப் புகை ஆகாது ஐயா. பக்கத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தாலே எழுந்து போய்விடுவேன். அன்றைக்கு எதிர்ச்சாரிச் சுவரோரம் தள்ளி நின்றதும் அதனால்தான்.

டிவியில் வாகன நிகழ்ச்சி என்னுடையது. மின்சாரக் கார் எரியும், வாங்காதீர்கள் என்று வருஷக்கணக்கில் தொண்டை வற்றச் சொல்லிவந்தேன். ஒன்றும் எரியவில்லை. ஜனங்கள் எனக்குத் ‘தீயணைப்பு அண்ணன்’ என்று பேர் வைத்தார்கள். ஆபீஸ் கேன்டீனில் நான் நுழைந்தால் ஒருத்தன் தண்ணீர் ஜக்கை நீட்டுவான். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் வயிறெரியும். சேனலின் செய்தி ஆசிரியர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: “எரியும் எரியும்ங்கறீங்க. ஒண்ணாவது எரியட்டும். இல்லேன்னா நிகழ்ச்சிய வேற ஆளுக்குக் குடுத்துடறேன்.”

அது ஒரு மின்சாரக் கார் கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார். படப்பிடிப்பில் ஒரு கல்மேட்டில் ஏற்றினேன்; அடிப்பக்கம் ணங்கென்று இடித்தது. பேட்டரி இருப்பது அங்கேதான். சிவப்பு எச்சரிக்கை வந்தது, அணைத்துப் போட்டதும் மறைந்துவிட்டது. “கம்பெனிக்குச் சொல்லிடலாம் சார்” என்றார் கேமராமேன். நானே சொல்கிறேன் என்றேன். அடிபட்ட பேட்டரி உடனே எரியாது, சார்ஜ் ஏறும்போது பிடித்துக்கொள்ளலாம், வீட்டையொட்டி நிறுத்தவே கூடாது என்று என் நிகழ்ச்சியில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பகுதியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

காரைத் தங்கை வீட்டுக்கு ஓட்டிப்போனேன். பொட்டல் வெளியில் எரிந்தால் அது வெறும் கார். வீட்டில் எரிந்தால்தான் செய்தி.

தங்கை வேலைக்குப் போயிருந்தாள். அவள் கணவர் அப்போதுதான் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்திருந்தார். தூக்கக் கண்ணோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், சார்ஜரைத் தானே செருகுவேன் என்று அடம்பிடித்தார். நல்ல மனுஷன். “மாடில போய்த் தூங்குங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்” என்றேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எதிரே கேமராவை நிறுத்தினேன். சார்ஜ் ஏறுவதைப் படமெடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான்.

மத்தியானம் புகை வந்தது. மாடிக்கு இருந்த ஒரே படி அந்தக் கார் நின்ற பக்கம். நான் கேமராவை விட்டு நகர்ந்திருந்தால் படம் கெட்டிருக்கும்.

தங்கை அழவில்லை. “அவரைக் கூப்பிட்டியாண்ணா?” என்று மட்டும் கேட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டேன் என்றேன். கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அது இன்னும் உறுத்துகிறது.

ஒளிபரப்புக்கு முன் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். கம்பி போட்ட மாடி ஜன்னலிலிருந்து “மச்சான், மச்சான்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பார்க்கிறவர்கள் மனசு தாங்காது, பாருங்கள். மற்றபடி அதில் வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது. எரியும் என்றேன், எரிந்தது. என் செய்தியில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே காட்டுங்கள்.