மாத்திரை கேஸ்

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அம்மையார்குப்பம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில் அழுக்குத் துணிப் பை ஒன்று. ஜெயிலில் தம்பியைப் பார்த்துவிட்டு, அவன் துணிகளைத் துவைக்க எடுத்துப் போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“குடிய விடறதுக்கு மாத்திரை சாப்ட்டான். அதுக்குப் புடிச்சி உள்ள போட்டுட்டாங்க.”

“இன்னாக்கா சொல்ற?” பக்கத்தில் இருந்தவள் முழுதாகத் திரும்பிவிட்டாள்.

“நகரியில தறி வேலை முடிச்சிட்டு வந்துகினு இருந்தான். ஆந்திரா பார்டர்ல பஸ்ஸ நிறுத்தி கஞ்சா தேடனாங்களாம். இவன் பாக்கெட்ல மாத்திரை இருந்துச்சி. போதை மாத்திரைன்னு எழுதிட்டாங்க.”

“ஆஸ்பத்திரியில குடுத்ததுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னானாம். அடிதான் விழுந்துச்சி. நான் டாக்டர் சீட்ட எடுத்துகினு ஓடறதுக்குள்ள ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. மாத்திரைய டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வந்தாத்தான் ஜாமீனாம்.”

“எழுதிக் குடுத்த டாக்டரயே கேக்கலாமே.”

“யாரு கேக்கறாங்க?”

“சரி, உள்ளயாவது அந்த மாத்திரைய குடுக்கறாங்களா?”

“அத வச்சித்தானே கேஸு.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தபிறகும் பக்கத்தில் இருந்தவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் தம்பி இன்னாதான் சொல்றான்?”

“வெளிய வந்ததும் பழையபடி குடிச்சிக்கறேன்க்கா, அதுக்கு யாரும் புடிக்கமாட்டாங்கன்றான்.”